பெட்டி வாங்கலாம், பேச ஆள் தயாரா?

(திருப்புலி நாடு கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், பேரிடர் உதவிக் குழு சார்பில் பேசியது)



இன்னைக்கு நாங்கள் பேச வந்தது ஒரு ரேடியோவைப் பற்றி. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லைங்க. இதில் நாமும் பேசலாம், அந்தப் பக்கத்தில் இருப்பவரும் பேசலாம். ஹாம் ரேடியோ என்று சொல்வார்கள். ஆபத்து நேரத்தில் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இதைத் தயார் செய்யலாம்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீங்க. நாம் செல்லில் பேசுவது நேராக அடுத்தவர் செல்லுக்குப் போவதில்லை. டவருக்குப் போய், அங்கிருந்து கேபிள் வழியாக வேறு இடம் போய், அப்புறம்தான் சேருகிறது. பெருமழையில் கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்தால் நம் கையில் இருப்பது வெறும் டார்ச் லைட்தான். அதே மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால், 70 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி 108 வண்டி வருவது எப்படி? பிரசவ வலி, பாம்புக் கடி எல்லாம் ரோடு சரியாகும் வரை காத்திருக்காது. ஹாம் ரேடியோவுக்கு நடுவில் டவர் வேண்டாம். இந்த செட்டிலிருந்து அந்த செட்டுக்கு நேராகப் போகும்.

இதைச் செய்து காட்டியது ஒரு பெண். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் குழுவோடு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். தீவிலிருந்து உலகத்து ஹாம்களோடு பேசத்தான் போனார்கள். 26ஆம் தேதி நிலநடுக்கம், சுனாமி. நம் நாகப்பட்டினத்தை அழித்த அதே சுனாமி. அங்கே தொலைபேசி செயலிழந்தது. பாரதி தன் ரேடியோ மூலம் இந்தியக் கரையில் இருந்த ஹாம்களுக்குச் செய்தி சொன்னார். தீவில் மாட்டிக்கொண்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல் அவர்கள் வழியாகச் சொந்தக்காரர்களுக்குப் போனது. சுனாமி வந்த பிறகு ரேடியோ வாங்கப் போகவில்லை அவர். செட்டும் கையில் இருந்தது, பேசிய பழக்கமும் இருந்தது. அதனால்தான் அன்றைக்கு உதவியது.

இப்போ பெட்டிக்குள் என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் செட். இது இரண்டு வகை. கையில் பிடிக்கிற சின்னக் கருவி ஒன்று. இது விளக்கு வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும், நடுவில் மலை வந்தால் மறைக்கும். மேட்டில் நின்று பேசினால் சமவெளிக்கு எட்டலாம், பள்ளத்து ஊரிலிருந்து எட்டாது. இன்னொன்று 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிற பெரிய செட். இதன் அலை மேலே வானத்துக்குப் போய், பட்டுத் திரும்பி, மழை மாதிரி கீழே இறங்கும். அதனால் மலை மறைக்காது. பகல் நேரத்தில் நாமக்கல், சேலம், திருச்சி என்று சுற்று வட்டாரத்துக்கு எட்டுவதற்கு இதுதான் ஏற்றது.

அடுத்தது ஏரியல். பெரிய செட்டுக்கு ஆளுக்கு 10 மீட்டராக இரண்டு செம்புக் கம்பி போதும். நடுவில் கேபிளை இணைத்து, இரண்டு பக்கமும் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் கொடி மாதிரி இழுக்க வேண்டும். மிளகுக் கொடி ஏறின சில்வர் ஓக் மரம் இரண்டு இருந்தால் கம்பமே வேண்டாம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருந்தாலே பக்கத்து மாவட்டங்களுக்குப் பேசலாம். ஆனால் கரண்ட் கம்பி பக்கம் கட்டவே கூடாது. இடி மின்னல் வந்தால் பேச்சை நிறுத்தி, ஏரியலைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது பேட்டரி. செட் கேட்கும்போது கொஞ்சம் கரண்ட்தான் எடுக்கும், பேசும்போது பல மடங்கு இழுக்கும். அதனால் நிறையக் கேட்கணும், சுருக்கமாகப் பேசணும். 12 வோல்ட் பேட்டரி, அதன் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், சார்ஜ் செய்ய ஒரு சின்ன சோலார் தகடு. மழை மேகத்தில் சோலார் ரொம்பக் குறைவாகத்தான் தரும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே பேட்டரி நிறைந்திருக்க வேண்டும்.

இதோடு நோட்டு, பென்சில், டார்ச், தண்ணீர் புகாத பை. மழையில் பேனா எழுதாது, பென்சில் எழுதும்.

சரி, இதெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். கிடைக்காதது ஆள். லைசென்ஸ் இல்லாமல் இந்த செட்டை வைத்திருப்பதும் பேசுவதும் சட்டப்படி குற்றம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது. 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். ரேடியோவின் அடிப்படையும் சட்ட விதிகளும் கேட்பார்கள். முதல் நிலைப் பரீட்சைக்கு மோர்ஸ் என்கிற தந்திக் குறி தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, இதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சந்தையில் மிளகு விலை என்ன என்று இதில் விசாரிக்க முடியாது.

லைசென்ஸ் இல்லாத உறுப்பினர்களுக்கும் பெரிய வேலை இருக்கு. செய்தி எழுதுவது. எந்த ஊர், எத்தனை மணி, என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன உதவி வேண்டும், எந்த வழியாக வரலாம் – இந்த ஆறும் இருக்கணும். பழகுவதற்கு ஒரு மாதிரி: "திருப்புலி நாடு. காலை 10.20. கர்ப்பிணி ஒருவர், 24 வயது, முதல் பிரசவம், மூன்று மணி நேரமாக வலி. ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது. மரம் வெட்ட ஆள், அந்தப் பக்கம் 108 வண்டி வேண்டும்." இதை நிதானமாகப் படிக்கணும், கேட்டவர் திருப்பிச் சொல்லணும். அவர் நமக்காக 108க்கோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077க்கோ சொல்வார். ரேடியோவில் பேசுவதை ஊர் உலகமே கேட்கலாம். அதனால் நோயாளியின் பேரைச் சொல்லக் கூடாது. ஒரு பெண்ணின் மானமும் நம் பொறுப்புதான்.

அந்த நேரத்தில் கீழே கேட்கிறவர் இல்லாவிட்டால் நம் பெட்டி ஊமைதான். அதனால் சமவெளியில் இருக்கும் ஹாம்களோடு நாளும் நேரமும் முடிவு செய்து, வாரம் ஒரு முறை தவறாமல் பேசிப் பழகணும். இது நமக்குப் புதுசா? வாரக் கூட்டம், வாரச் சேமிப்பு, தீர்மானப் புத்தகம் என்று நடத்துகிறவர்கள்தானே நாம். கஷ்ட காலத்தில் கடன் கிடைப்பது, நல்ல காலத்தில் சேமித்ததால்தான். இதுவும் அப்படியே.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். கைக்கருவிக்குச் சில ஆயிரம், பெரிய செட்டுக்குப் பல பத்தாயிரம் ஆகும். அந்தப் பணத்தை இப்போது எடுக்க வேண்டாம். முதலில் படிக்க ஆர்வமுள்ள இரண்டு பெண்களைக் குழுக்கள் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அவர்களின் பரீட்சைக் கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டமைப்பு ஏற்கட்டும். லைசென்ஸ் வந்த பிறகு பெட்டி வாங்குவோம். ஒருவருக்குக் கல்யாணமாகி வெளியூர் போனாலும் இன்னொருவர் இருப்பார், அதனால்தான் இரண்டு பேர்.

இதை உங்கள் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானம் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.