கசெட் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்

(சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் வாலிபர் அணிக்கும் மாதர் அணிக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆவணப் பொறுப்பாளர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தோட்டக் கமிட்டித் தலைவர் தலைவிமார்களே, அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோழியர்களே, வாலிபர்களே,

எனக்குத் தந்த தலைப்பு பழைய வீடியோ கெமரா கசெட்டைக் கணினிக்கு மாற்றுவது பற்றியது. சம்பளம், சேமலாப நிதி, காணி உரிமை என்று பேச வேண்டிய இடத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அதற்குப் பதிலாக நடந்த ஒன்றையே சொல்லி ஆரம்பிக்கிறேன்.

2006 டிசம்பரில் சம்பள உயர்வு கேட்டு நாம் வேலைநிறுத்தம் செய்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் ஒரு தோட்டத்தின் பெரட்டுக்களத்தில் மாதர் சங்கத் தலைவி ஒருவர் பேசினார். அதை ஒரு வாலிபர் கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடும் கெமராவில் படம் பிடித்தார். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவர் பேசி நமக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு கசெட்தான். அவருடைய மகள் அதை பிஸ்கட் டின்னில் போட்டு, லயத்துக் காம்பராவில் இத்தனை வருடம் வைத்திருந்தார்.

போன வருடம் அதை டவுனில் ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கினார். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒரே இருட்டு. குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "கசெட் பழுதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, எறிந்துவிடுங்கள்" என்றாராம். எறிய மனம் வராமல் அதை நம் காரியாலயத்துக்குக் கொண்டு வந்தார்.

அந்தக் கசெட் பழுதாகவே இல்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் பூப்புனித நீராட்டு விழா, காமன் கூத்து, மே தினம் என்று கசெட்டுகள் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கெமராவிலேயே போட்டுப் பாருங்கள். கணினியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். கெமராவின் பக்கத்தில் திறக்கும் சின்னத் திரையில் படம் தெளிவாகத் தெரிந்தால் கசெட்டில் குறை இல்லை. ஆனால் அந்தத் திரைக்கென்று தனியாக வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடம் உண்டு. அதனால் அதை மட்டும் நம்பாமல் கெமராவை டி.வி.யிலும் இணைத்துப் பாருங்கள். நாங்கள் அந்த அம்மாவின் கசெட்டை டி.வி.யில் போட்டபோது முகம் தெரிந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் தெரிந்தது. அப்படியானால் மாற்றும் வழியில்தான் எங்கோ கோளாறு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மினி டிவி கசெட் போடும் கெமராவில் ஹெட் அழுக்கானால் படம் இருட்டாகாது. சதுரம் சதுரமாக உடையும், கோடு விழும், சத்தம் அறுந்து போகும். ஆகவே படம் உடையாமல் இருட்டாக மட்டும் இருந்தால் ஹெட்டைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டாவது, கணினியைச் சோதியுங்கள். அதே கோப்பை வேறொரு கணினியில், வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே வெளிச்சமாகத் தெரிந்தால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கணினியின் திரையிலோ பிளேயரிலோ வெளிச்சம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. விஎல்சி பிளேயரில் 'டூல்ஸ்' பகுதியில் 'எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் அதில் எதையாவது மாற்றியிருப்பார்கள், பிறகு எல்லாப் படமும் இருட்டாகத் தெரியும். அங்கே வெளிச்சத்தைக் கூட்டினால் பார்ப்பதற்கு மட்டுமே கூடும், கோப்பு மாறாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தக் கணினியில் போட்டாலும் இருட்டு, டி.வி.யில் மட்டும் வெளிச்சம் என்றால் ஏற்றிய விதத்தில்தான் பிழை. அந்த அம்மாவின் படத்துக்கு நடந்தது இதுதான்.

மூன்றாவது, எந்த வயரில் ஏற்றினார்கள் என்று கேளுங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள வயர். கெமராவிலிருந்து வரும் படத்தை ஒரு சின்னக் கருவி வாங்கி, கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும். இந்த வழியில் படம் நடுவில் ஒருமுறை உருமாறுகிறது. அந்த இடத்தில் வெளிச்சம் கூடலாம், குறையலாம். பதிவு செய்யும் மென்பொருளில் 'பிரைட்னஸ்', 'கான்ட்ராஸ்ட்' என்று இருக்கும். முந்தைய வாடிக்கையாளரின் படத்துக்காகக் குறைத்ததை அப்படியே விட்டிருந்தால் அடுத்தவர் படம் இருண்டுவிடும்.

இதே வழியில் வேறொரு தவறும் நடக்கிறது. மஞ்சள் வயரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை டி.வி.க்கும் மற்றதைக் கணினிக்கும் கொடுப்பார்கள். நம் பீலியில் ஒரு குழாயில் வரும் தண்ணீரை இரண்டாகப் பிரித்தால் இரண்டிலும் வேகம் குறைகிறதல்லவா? அதுபோலத்தான். இப்படிப் பிரித்தால் படத்தின் சிக்னல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். படம் மங்கிவிடும். அந்தக் கடையில் இப்படித்தான் பிரித்து மாட்டியிருந்தார்கள் என்பதை மகள் சொல்லித் தெரிந்துகொண்டோம். டி.வி. வயரைக் கழற்றிவிட்டு கணினிக்கு மட்டும் கொடுத்திருந்தாலே பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

மற்ற வழி ஃபயர்வயர். சோனி கெமராக்களில் 'ஐ.லிங்க்' என்று எழுதியிருக்கும், மற்றவற்றில் 'டிவி' என்று இருக்கும். இந்த வயரில் கசெட்டில் உள்ள எண்கள் அப்படியே கணினிக்குப் போகின்றன. நடுவில் யாரும் வெளிச்சத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மினி டிவி கசெட்டுக்கு இதுவே சரியான வழி. புதிய மடிக்கணினிகளில் இதற்கான துளை இல்லை. பழைய மேசைக் கணினி ஒன்று வேண்டும், அல்லது அதில் ஒரு ஃபயர்வயர் கார்ட் போட வேண்டும். கெமராவில் யூஎஸ்பி துளை இருக்கிறதே என்று கேட்பீர்கள். பல கெமராக்களில் அது மெமரி கார்ட்டில் உள்ள போட்டோக்களை எடுப்பதற்கு மட்டும்தான்.

ஒரு மணி நேரக் கசெட் ஏறத்தாழ 13 ஜிகாபைட் வரும். அதற்கு இடம் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான்காவது, எடுத்தபோதே இருட்டா என்று பாருங்கள். நாங்கள் ஃபயர்வயரில் ஏற்றிய பிறகும் அந்த அம்மாவின் முகம் முழுத் தெளிவாக இல்லை. காரணம், காலை நேரம், பின்னால் வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். கெமரா தானாகவே வெளிச்சத்தை அளக்கும். பின்னால் பிரகாசமாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் குறைத்துவிடும், முன்னால் நிற்பவர் முகம் கறுத்துவிடும். இதற்காகத்தான் கெமராவில் 'பேக் லைட்' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அன்று படம் பிடித்த தம்பிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

வாலிபர்களே, இன்று உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் இது பொருந்தும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது படம் எடுத்தால் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பேசுபவரின் முகத்தைத் திரையில் ஒருமுறை தொடுங்கள். போன் அந்த முகத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

இருட்டாக எடுத்த படத்தையும் ஓரளவு மீட்கலாம். 'ஷாட்கட்' என்ற மென்பொருள் இலவசம். அதில் 'பிரைட்னஸ்' மட்டும் கூட்டினால் கறுப்பெல்லாம் சாம்பலாகி, பனிமூட்டம் இன்னும் வெளுத்துவிடும். 'கலர் கிரேடிங்' என்பதில் நடுத்தர வெளிச்சத்தை மட்டும், காமா என்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். முகம் மேலே வரும், வானம் அப்படியே இருக்கும். முழுக் கறுப்பாகப் பதிவான இடத்தில் மட்டும் எதுவும் வராது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். திருத்துவதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். முதல் கோப்பைத் தொடாதீர்கள். நாளை ஒரு பிணக்கில் அந்தப் படத்தைத் தொழில் திணைக்களத்தில் காட்ட வேண்டி வந்தால், "இதை மாற்றியிருக்கிறீர்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் வைக்கக்கூடாது. மூலம் ஒன்று, வெளிச்சம் கூட்டிய பிரதி ஒன்று என்று இரண்டையும் பெயர் எழுதி வையுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. நம் ஊர் ஈரம் கசெட்டுக்குப் பகை. குளிரிலிருந்து கொண்டு வந்த கெமராவையும் கசெட்டையும் உடனே ஓட விடாதீர்கள். உள்ளே நீர் கோத்திருக்கும், நாடா ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்த கசெட்டைக் கெமராவில் போடவே வேண்டாம், கெமராவும் கெடும். கசெட்டின் முதுகில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளி வையுங்கள். தவறிப்போய் அதன் மேல் வேறு பதிவு விழாது. அடுப்புப் புகை படாத இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். கணினியில் ஏற்றிய பிறகும் கசெட்டை எறிய வேண்டாம்.

தோழர்களே, அந்த மகள் காரியாலயத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். அம்மா கையை நீட்டிப் பேசுகிற இடம் வந்ததும், "இந்தச் சேலையை நான்தான் அன்றைக்கு எடுத்துக் கொடுத்தேன்" என்றார். வேறொன்றும் பேசவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

நாம் எப்படிப் போராடினோம் என்று மற்றவர்கள் எழுதியதைத்தான் நம் பிள்ளைகள் அதிகம் படிக்கிறார்கள். நம் ஆட்கள் நம் வாயால் பேசியது இந்தக் கசெட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் தோட்டத்தில் யார் வீட்டில் எத்தனை கசெட் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொண்டு வாருங்கள். கெமராவும் ஃபயர்வயர் உள்ள கணினியும் காரியாலயத்தில் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் நான் இருப்பேன்.