ட்ரிகர் கனமா இருக்கா? ஸ்பிரிங்க வெட்டாதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு டாபிக் பிஸ்டல். பதறாதீங்க, ஏர் பிஸ்டல்தான். ஒலிம்பிக்ஸ்ல 10 மீட்டர்ல நின்னு ஒத்தக் கையால சுடுவாங்களே, அந்த விளையாட்டு.

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கும். 2024 ஜூலை கடைசியில மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினாங்க. அடுத்த சில வாரத்துல வாட்ஸ்அப்ல ஒரு வதந்தி: "அந்தப் பொண்ணோட பிஸ்டல் விலை ஒரு கோடி." எங்க கம்பெனி கேன்டீன்லயே இதை நம்பினவங்க உண்டு. கடைசியில அவங்களே ஒரு பேட்டியில சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, ஒரு கோடியெல்லாம் இல்ல, ஒன்றரை லட்சத்துல இருந்து 1.85 லட்சத்துக்குள்ள வரும்னு. கோடி இல்லதான். ஆனா பிள்ளைப்பாக்கம் சிப்காட்ல கான்ட்ராக்ட்ல வேலை பாக்குற ஒருத்தருக்கு ஒன்றரை லட்சமும் கோடியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டுமே கையில வராது.

அப்போ நாம என்ன வாங்குறோம்? பத்து, பதினஞ்சாயிரம் ரூபாய் ரகம். நான் பிள்ளைப்பாக்கத்துல ஒரு கார் உதிரிபாக கம்பெனியில குவாலிட்டி பாக்குறேன். என்கிட்ட இருக்கறதும் இந்த ரகம்தான். இந்த ரகத்தைப் பத்தி யாரைக் கேட்டாலும் முதல்ல வர்ற வார்த்தை, "ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கும்."

எங்க லைன்ல டிரெய்னியா இருக்கற ஒரு தங்கச்சி போனஸ் காசை எடுத்து வெச்சுட்டு இதைத்தான் கேட்டா. "அண்ணா, வாங்கலாமா? டூல் ரூம்ல ஒருத்தர், வாங்கிட்டு வா, ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டித் தரேன், பட்டு மாதிரி ஆயிடும்னு சொல்றாரு." நான் சொன்ன பதில்: வாங்கு. வெட்டாதே. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோட்.

கனம்னா எவ்வளவு?

ஐ.எஸ்.எஸ்.எப். அப்படிங்கற சர்வதேச சம்மேளனத்தோட விதிப்படி, 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை குறைஞ்சபட்சம் 500 கிராம் இருக்க வேண்டும். பிஸ்டலோட மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. இதுல ஒண்ணைக் கவனிங்க. ட்ரிகருக்குக் கீழ் வரம்பு இருக்கு, மேல் வரம்பு கிடையாது. 2 கிலோ ட்ரிகரோட போய் நின்னாலும் உங்களை யாரும் வெளியே அனுப்ப முடியாது. விதி எழுதினவங்க பயந்தது லேசான ட்ரிகருக்குத்தான்.

உங்க ட்ரிகர் எவ்வளவுன்னு வீட்டுலயே பார்க்கலாம். பெல்லட் உள்ளே இல்லன்னு ரெண்டு தடவை பாருங்க. குழலை நேரா மேல தூக்கிப் பிடிங்க. வளைச்ச கம்பியில ஒரு காலி வாட்டர் பாட்டிலைக் கட்டி ட்ரிகர்ல மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்துங்க. 1 லிட்டர்னா 1 கிலோ. எந்த அளவுல 'டக்'குனு விடுதோ அதுதான் உங்க எடை. போட்டியில நடுவர்களும் இதே மாதிரிதான், எடைக்கட்டியைத் தொங்கவிட்டுப் பார்ப்பாங்க. என்னோடது 1 கிலோ 900 கிராம் காட்டுச்சு. பிஸ்டலோட எடையே ஒரு கிலோவை ஒட்டித்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்பிரிங் பிஸ்டன் வகையை பெல்லட் இல்லாம சுட்டா உள்ளே அடிபடும். என்னோடதுல காத்தை ஏத்தாமலே ட்ரிகரை மட்டும் பழகுற வசதி இருக்கு. உங்களோடதுல இருக்கான்னு கூட வந்த புக்கைப் படிச்சுட்டு ஆரம்பிங்க.

பிரச்சினை எங்கே வருதுன்னா, கையில இருக்கற பொருளோட எடையை விட அதிகமான விசையை ஒத்த விரல் கொடுக்குது. விரல் கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளினாலும் மொத்த பிஸ்டலும் நகரும். கணக்கு ரொம்ப சுலபம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல சுமார் 30 செ.மீ. முன் சைட் 1 மி.மீ. விலகினா, 10 மீட்டர் தள்ளி அது 33 மி.மீ. பத்துப் புள்ளி வட்டத்தோட விட்டமே 11.5 மி.மீ.தான். 10 வர வேண்டிய ஷாட் 6-க்குப் போயிடும். வலது கைக்காரங்க குண்டெல்லாம் இடது கீழ்ப்பக்கமா கூடுதுன்னா, கண்ணுல கோளாறு இல்ல, ட்ரிகரை வெடுக்குனு இழுக்கறாங்கன்னு அர்த்தம்.

வெட்டினா என்ன ஆகும்?

ட்ரிகருக்குப் பின்னாடி சியர்னு ஒரு சின்ன உலோகக் கொக்கி இருக்கு. அழுத்தி வெச்ச சக்தி மொத்தத்தையும் பிடிச்சு நிறுத்தறது அதுதான். நீங்க இழுக்கறப்ப அந்தக் கொக்கி கொஞ்சம் கொஞ்சமா நழுவி, விளிம்புக்கு வந்து விடுது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அப்புறம் கொக்கியை முழுசா பழைய இடத்துக்குத் தள்ளறது அந்த ஸ்பிரிங்தான். அதுல ரெண்டு சுத்து வெட்டினா ட்ரிகர் லேசாகும், உண்மைதான். கூடவே கொக்கி அரைகுறையா மாட்ட ஆரம்பிக்கும். பார்த்தா தெரியாது. மேஜையில கொஞ்சம் அழுத்தி வெச்சாலோ கை தவறி விழுந்தாலோ தானா சுடும்.

ஏர் பிஸ்டல்தானேன்னு நினைக்காதீங்க. கண்ணுல பட்டா கண்ணு போயிடும். ஒரே ரூம்ல ஆறு பேர் பாய் போட்டுப் படுக்கற நம்ம ஸ்ரீபெரும்புதூர் வாடகை வீடுகள்ல இது சின்ன விஷயம் இல்ல.

பிரஸ் மிஷின்ல வேலை பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒண்ணா அழுத்தினாத்தான் பிரஸ் இறங்கும். அது வேலையை மெதுவாக்கத்தான் செய்யும். ஆனா கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்காங்க. ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிட்டு வேலை பார்க்கறவரை நாம என்ன சொல்லுவோம்? ஸ்பிரிங்க வெட்டறதும் அதே ஜாதி வேலை.

நிஜத் துப்பாக்கியிலயும் கனமான ட்ரிகரை வேணும்னேதான் வெக்கறாங்க. 2014-ல கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில பெண்களுக்காகன்னு 'நிர்பீக்' ரிவால்வர் வந்துச்சு. .32 ரகம், எடை சுமார் 500 கிராம், விலை 1.22 லட்சம். ரிவால்வர்ல சுத்தியலைக் கையால பின்னுக்கு இழுக்காம நேரா சுட்டா, ஒரே இழுப்புல உருளை சுத்தணும், சுத்தியல் பின்னாடி போகணும், விடணும். அதனால இழுப்பு கனமாத்தான் இருக்கும். அந்தக் கனமே அதுக்குப் பாதுகாப்பு.

அப்போ கனமா இருந்தா எல்லாம் சரியா? அதுவும் இல்ல. நியூயார்க் போலீஸ் பல வருஷமா தன் பிஸ்டல்கள்ல 12 பவுண்ட், அதாவது சுமார் 5.4 கிலோ ட்ரிகர் வெச்சிருந்தாங்க, தவறுதலா சுடக் கூடாதுன்னு. 2012 ஆகஸ்ட்ல எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே ஒரு கொலைகாரனை நோக்கி ரெண்டு போலீஸ்காரங்க 16 ரவுண்ட் சுட்டாங்க. வழியில போன 9 பேருக்குக் காயம். அந்த ட்ரிகர் கனத்தைப் பத்தி பெரிய விவாதமே நடந்துச்சு. 2021-ல புதுசா சேர்றவங்களுக்கு அதை லேசாக்கினாங்க. கனம் தவறுதலைத் தடுக்கும். குறியைக் கத்துக் கொடுக்காது. அதுக்குப் பயிற்சிதான் வேணும்.

எப்படிப் பழகறது?

நம்ம கையிலயே அந்தப் பாடம் இருக்கு. டார்க் ரெஞ்ச். புதுசா வர்ற பசங்க அதை வெடுக்குனு இழுப்பாங்க, கிளிக் வந்த பிறகும் நட் கூடுதலா இறுகிடும். சூப்பர்வைசர் என்ன சொல்லுவார்? "கிளிக்கைத் தேடாதே. ஒரே சீரா ஏத்து. கிளிக் அதுவா வரும்." ட்ரிகரும் அப்படியே. 1.9 கிலோவையும் ஒரே அடியா ஏத்தினா சைட் ஆடும். மூணு, நாலு செகண்ட்ல சீரா ஏத்தினா, எப்போ விடும்னு உங்களுக்கே தெரியாது. தெரியாததாலதான் கை குலுங்காது.

நான் செய்யறது இது. வெள்ளைச் சுவத்தைப் பார்த்து நிக்கறேன். டார்கெட் கிடையாது. பார்க்கறது முன் சைட் மட்டும். விரலோட முதல் கணுவின் நடுச் சதை ட்ரிகர்ல, நேரா பின்னாடி இழுப்பு. விட்ட பிறகும் ரெண்டு செகண்ட் அப்படியே நிக்கணும். சைட் அசையலைன்னா அது நல்ல ஷாட். ஒரு நாளைக்கு 20 நிமிஷம் போதும். நைட் ஷிப்ட் முடிச்சு வந்த காலையில தொடாதீங்க. கை நடுங்கும், நடுக்கத்தையே பழகிடுவீங்க. ஆறு மாசத்துல 60 ஷாட்டுக்கு 440-ல இருந்து 510-க்கு வந்தேன். அதே பிஸ்டல், அதே 1.9 கிலோ.

லேசா இருக்கறதை விட ஒரே சீரா இருக்கறதுதான் முக்கியம். கடையில பார்க்கும்போது கனத்தை மட்டும் பார்க்காதீங்க. இழுக்கும்போது மண்ணுல உரசற மாதிரி நடுநடுவுல தட்டுதா? ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல விடுதா? அப்படின்னா வேண்டாம். கனமா, ஆனா ஒரே இடத்துல சுத்தமா விடுதா? தாராளமா வாங்குங்க. ட்ரிகரை சரி பண்ற ஸ்க்ரூ புக்ல சொல்லியிருந்தா, சொன்ன அளவுக்குள்ள மட்டும் திருப்புங்க.

இதை மறைக்கவும் கூடாது: இந்தப் பிஸ்டலுக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல ஸ்கோர் ஏறாது. அங்கே காசுதான் தடை, திறமை இல்ல. அதை நேரா சொல்லிடணும். அதுக்குத்தான் கிளப். எழும்பூர்ல சென்னை ரைபிள் கிளப் இருக்கு. நடிகர் அஜித் 2021-ல மாநிலப் போட்டியில பதக்கம் வாங்கினது அந்த கிளப்ல பழகித்தான். கிளப் பக்கம் போனா பழைய மேட்ச் பிஸ்டலை விக்கறவங்க, இரவல் கொடுக்கறவங்க பழக்கம் கிடைக்கும். விலை உயர்ந்த பிஸ்டலும் கைவிடும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. டோக்கியோவுல மனு பாக்கரோட பிஸ்டல் தகுதிச் சுற்று நடுவுலயே பழுதாச்சு. 575 எடுத்தும் பைனல் கிடைக்கலை.

கடைசியா சட்டம். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குக் கீழான சக்தி. இதுக்குள்ள இருந்தா ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்ல. பில்லும் அடையாள அட்டையும் எப்பவும் கூடவே இருக்கட்டும். பெட்டியில பூட்டி எடுத்துட்டுப் போங்க. வீட்டு ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க; அவரா பார்த்தா பயந்துடுவார். பிஸ்டலைத் தூக்கிக்கிட்டு ரீல்ஸ் போடாதீங்க. யாரை நோக்கியும் விளையாட்டுக்குக்கூட நீட்டாதீங்க.

பாட்டில்ல அளந்து பார்த்தவங்க எத்தனை கிலோ வந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பிடி, அதாவது கிரிப் பத்திப் பேசலாம்.