டிரம்பெட்டுக்கு ஓர் அறை

அம்பத்தூரில் வேலை முடிந்து மாலையில் டிரம்பெட் பழகுகிறவன் நான். வால்வுகள் மூன்றுதான், மற்றதெல்லாம் உதடும் மூச்சும். தினமும் ஒரே சுரத்தை நீளமாக ஊதினால்தான் உதடு பழகும். வாடகை வீட்டில் ஊதினால் “சாவு மேளமா?” என்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கீபோர்டை யாரும் அப்படிக் கேட்பதில்லை. சிக்கல் சத்தமல்ல, சாவுக்கு வாசிப்பவர்கள் யார் என்கிற சாதிக் கணக்கு.

கானாடுகாத்தானில் நாகசுரக் கலைஞர் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு வாசித்ததைச் சாதித் திமிர் எதிர்த்தது. துண்டை எடுக்க வேண்டாம் என்று உடன் நின்றது சுயமரியாதை இயக்கம். ஊதுகிறவருக்கு வியர்க்கும், துண்டு அவர் உரிமை.

இன்று தேவை, பழக ஓர் அறை. ஆவடி, பூந்தமல்லி தோழர்களே, உங்கள் படிப்பகங்களை மாலையில் ஒரு மணி நேரம் எங்களுக்குத் திறந்துவிடுங்கள். சாவுக்கும் ஊதுவோம், மேடையிலும் ஊதுவோம்.