வீட்டிலே ஒரு கொல்லுலை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பெரிய தத்துவமன்று. வீட்டுக் கொல்லையில் பத்தடிக்குப் பத்தடி இடமுள்ள ஒருவர், விலைகொடுத்து வாங்கும் பட்டடையையும் கருவிப் பெட்டியையும் எதிர்பாராமல், தம் கையாலேயே ஒரு கொல்லுலை அமைத்துக்கொள்வது எங்ஙனம் என்பதேயாகும்.

நம்மவர் வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமானால், பதினாறாம் நாட் கருமம் முடிந்த கையோடு, அவர் புழங்கிய பட்டடையும் சம்மட்டியும் குறடுகளும் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறிவிடுகின்றன. சில ஆண்டு கழித்து அவர் பேரனுக்கு இரும்படிக்கும் ஆசை பிறக்கின்றது. புதுப் பட்டடைக்கு விலை கேட்கின்றான். கேட்டதும் ஆசையை மடித்து வைத்துவிடுகின்றான். ஆண்டு விழா மேடைகளிலோ கொடுமணலைப் பற்றிப் பேசாத பிரசங்கி நம்முள் இல்லை. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்புலைகளின் அடையாளங்கள் கிடைத்தமை மெய், பெருமைக்குரியதே. ஆயினும் அவ்வுலைகளை மூட்டியவர்கள் கருவி விற்கும் கடை எங்கே என்று தேடியா நின்றார்கள்? பிற தொழிலாளர் யாவரும் கொல்லனிடம் கருவி கேட்டு வருவர். கொல்லன் ஒருவனே தன் கருவியைத் தானே செய்துகொள்ளக் கூடியவன். இந்தச் சுதந்தரத்தை நாம் கைநழுவ விடுதல் தகுமா?

இதனைக் கேட்டு, பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்தி உலைக்கு அனுப்பச் சொல்லுகிறோம் என்று எவரும் எண்ணற்க. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் அரைநாட் பள்ளித் திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே நமது அபிப்பிராயம். படிக்கும் பிள்ளை படிக்கட்டும். விருப்பமுள்ளவர், ஆணாயினும் பெண்ணாயினும், எக்குலத்தவராயினும், உலையருகே வரட்டும்.

முதலில் பட்டடை. அடைகல் என்றாலும் இதுவே. பட்டடையென்றால் ஒரு புறம் கொம்பு நீண்ட ஐரோப்பிய உருவமே பலர் மனத்தில் நிற்கின்றது. நம் நாட்டுக் கிராமக் கொல்லர் பட்டடைக்குக் கொம்பில்லை. அது மரக்கட்டையிலோ தரையிலோ பதித்த சதுர இரும்பேயாம். ஜப்பானிய வாட்கொல்லர் பட்டடையும் அத்தகைய கட்டையே. ஆகவே உருவத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வேண்டுவன இரண்டே: சுத்தியல் விழும் இடத்திற்கு நேர் கீழே கனம் இருக்கவேண்டும், மேல்முகம் அடியை விழுங்காமல் திருப்பித் தரவேண்டும். 10 சென்டிமீட்டர் சதுரமும் 20 சென்டிமீட்டர் உயரமும் உள்ள எஃகுக் கட்டை ஏறத்தாழ 15 கிலோவுக்கு மேல் நிறுக்கும். சிறு வேலைகளுக்கு அதுவே போதும். வார்ப்பிரும்பு மட்டும் ஆகாது. அது அடியை உள்வாங்கும்; ஒருநாள் விளிம்பு பெயர்ந்துபோம்.

எளிதிற் கிடைப்பதும் சிறந்ததும் தண்டவாளத் துண்டு. இன்று பெரும் பாதைகளில் இடும் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ளது. இரண்டடித் துண்டு 36 கிலோ ஆகும். அதனைப் பலரும் ரயில் ஓடுவதுபோலப் படுக்க வைத்து அடிக்கின்றனர். அப்படி வைத்தால் தலைக்கும் அடிக்கும் நடுவே நிற்பது சுமார் 16 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய இடைத்தகடே. அடி விழுந்தோறும் அது அதிரும், உழைப்பில் ஒரு பங்கு வீணாகும். அத்துண்டையே செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள்! 36 கிலோவும் சுத்தியலுக்கு நேர் கீழே வந்துவிடுகின்றது. முகம் சிறிதாயிற்றே என்பீர்கள். சுத்தியலின் முகம் அதனினும் சிறிதன்றோ? மேல் முனையில் துருத்தி நிற்கும் இடைத்தகட்டின் ஓரத்தை உளிபோல் தேய்த்துக்கொண்டால், காய்ந்த கம்பியை அதன்மேல் வைத்துத் துண்டிக்கலாம். அடிப்பாகத்தின் ஓரத்தை உருட்டிக்கொண்டால் வளைப்பதற்கு உதவும்.

இதனை ஒரு பழைய பீப்பாயில் நிறுத்தி, சுற்றிலும் மணலை இடித்து நிரப்புக. நின்று வேலை செய்பவர், கையைத் தொங்கவிட்டு மடக்கிய முஷ்டியின் மட்டத்திற்கு மேல்முகம் வரும்படி அமைக்க. உட்கார்ந்து செய்பவர் தரையிற் புதைத்து ஒரு சாண் மட்டும் வெளியே விடுக. மேல்முகத்தில் 10 அங்குல உயரத்திலிருந்து ஒரு பேரிங் குண்டை விட்டுப் பார்க்க. நல்ல முகமாயின் 7, 8 அங்குலம் எழும்பும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாதையோரத்தில் கிடக்கும் துண்டைத் தூக்கி வருதல் திருட்டு; 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பதே குற்றம். ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதுடன் வாங்குக.

உலைக்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பழைய லாரி பிரேக் டிரம் ஒன்றில் களிமண் பூசிக் காற்றுக்குழாய் வைத்தால் முடிந்தது. குழாய் துத்தநாகப் பூச்சில்லாத கறுப்பு இரும்பாக இருக்கட்டும். அப்பூச்சு காய்ந்தால் எழும் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். துருத்தி தைக்கத் தெரிந்தவர் அருகிவிட்டமையால் கையாற் சுழற்றும் ஊதுகருவி போதும். கருவேலங்கரிக்கு மெல்லிய காற்றே வேண்டும். கூரை இருக்கலாம், நான்கு சுவரும் கூடாது. அடைத்த அறையிற் கரியெரிப்பது மணமும் நிறமுமற்ற நச்சுவாயுவால் உயிரையே கொள்ளும். ஆயினும் நிழல் அவசியம். இரும்பின் நிறத்தைக் கொண்டன்றோ அதன் சூட்டை அறிகிறோம்? வெயிலில் செந்நிறமும் கறுப்பாகத் தோன்றும்.

சுத்தியல் ஒன்றை மட்டும், ஒரு கிலோ அளவில், வாங்கிக்கொள்க. மற்றவை நம் கையாலே ஆகட்டும். குறடில்லாமல் குறடு செய்வதெப்படி என்று வாலிபர் ஒருவர் நம்மைக் கேட்டார். இரண்டடி நீளக் கம்பியின் ஒரு முனை உலையில் இருக்க, மறுமுனை கையிற் பிடிக்கத்தக்கதாகவே இருக்கும். அவ்வாறு இரு கம்பிகளின் முனைகளைத் தட்டையாக்கி, தோளில் துளையிட்டு, 8 மில்லிமீட்டர் ஆணியால் இணைத்தால் முதற்குறடு பிறந்துவிடும். அது கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அடுத்த குறட்டை அதுவே பிடித்துக் கொடுக்கும்.

உளிக்கும் துளைக்கருவிக்கும் லாரி வில்பட்டை மிக நன்று. அடித்து உருவாக்கிய பின் வருவது தோய்ச்சல். நம் முன்னோர் மருமமாகக் காத்த வித்தை இது. காத்துக் காத்தே பல குடும்பங்களில் மறைந்தும் போயிற்று. ஆதலால் வெளிப்படையாகவே சொல்லுகிறோம். முனையை நிதானமாகக் காய்ச்சி, அடிக்கடி காந்தத்தால் தொட்டுப் பார்க்க. ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தம் ஒட்டாமற் போகும். அதற்குமேல் சற்றே நிறமேறியதும் இளஞ்சூடான எண்ணெயில் தோய்க்க. தண்ணீர் இவ்வெஃகை வெடிக்கச் செய்யக்கூடும். இப்பொழுது முனை கண்ணாடிபோற் கடினம், கண்ணாடிபோலவே உடையும். ஆகவே முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்தைச் சூடாக்குக. வர்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனைநோக்கி நகர்ந்து வரும். வைக்கோல் மஞ்சள் 230 டிகிரி, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா முனையைத் தொட்ட கணத்தில் மீண்டும் தோய்க்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் உளி மழுங்கும், முந்தினால் தெறிக்கும். வீட்டில் முதியவர் எவரேனும் இருப்பின், அவரை ஒரு முக்காலியிட்டு அருகே அமர்த்திக்கொண்டு இதைச் செய்யுங்கள். "இப்போ!" என்று அவர் சொல்லும் அந்த ஒரு சொல்லை எந்த அட்டவணையும் தராது.

பருத்தி உடுப்பும் கண்ணாடியும் மூடிய செருப்பும் வேண்டும். இரு முனையும் அடைத்த குழாயையும் பழைய ஷாக் அப்சார்பரையும் நெருப்பில் இடவே கூடாது; வெடிக்கும். அயலார் தூங்கும் நேரத்தையும் நினைக்க வேண்டும்: பட்டடையில் ஒரு சங்கிலியைச் சுற்றினால் ஓசை பாதியாய் அடங்கும், விளக்கு வைத்தபின் அதுவும் வேண்டாம். மிஞ்சிய நெருப்பைக் கிளறிப் பரப்பி, மண்ணிட்டு மூடி அவிக்க. தண்ணீர் ஊற்றினால் களிமண் பூச்சு பிளந்துபோம். மண்ணிட்டு அவித்த கரியோ மறுநாளும் உதவும்.