விளக்கை வைத்த கை



கலைக்கூடம் என்றவுடன் ஓவியரும் சிற்பியரும் ஆடுநரும் பாடுநருமே நினைவுக்கு வருவர். தரை துடைப்பவரும் காவல் நிற்பவரும் வருவதில்லை. கலை பயில வரும் இளையோர் பலர்க்கு முதலில் வாய்ப்பது இத்தகைய பணிகளே. இவை கலைக்குப் புறம்பானவையா என்பது எண்ணத்தக்கது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு கூறுகிறது. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைத்த திறத்தையும் சுட்டுகிறது. ஆடலாசிரியன், கவிஞன், யாழாசிரியன் முதலியோர்க்குத் தனித்தனியே இலக்கணம் கூறும் அக்காதை, விளக்கை வைத்த கை யாருடையது எனக் கூறவில்லை. அக்கை பிழைத்திருப்பின் மாதவியின் ஆடல்மீது நிழல் படிந்திருக்கும்.

இக்குறையை நம் காலத்தில் வினாவாக்கியவர் அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூக்கிலிஸ். தாயான பின் வீட்டுப் பணிக்கும் கலைப் பணிக்கும் இடையே தவித்த அவர், பேணும் பணியும் கலையே என 1969இல் அறிக்கை எழுதினார். 1973இல் ஹார்ட்ஃபோர்டு நகரின் வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்தில் படிகளையும் தரையையும் மணிக்கணக்கில் கழுவினார். அங்கே மம்மி வைக்கப்பட்ட கண்ணாடிப் பேழை ஒன்றைத் துப்புரவுப் பணியாளர் துடைப்பது வழக்கம். அதனை யூக்கிலிஸ் தாமே துடைத்துக் கலைப்படைப்பு என முத்திரையிட்டார். அதன்பின் அதனைத் துடைக்கும் உரிமை, படைப்புகளைப் பாதுகாக்கும் வல்லுநர்க்கு மட்டுமே உரியதாயிற்று. கண்ணாடி ஒன்றே, துடைத்தலும் ஒன்றே. கைக்கேற்ப மதிப்பு மாறியது.

பேணும் பணி கலைக்கல்வியும் ஆகும். சாக்சபோன் இசைஞராகும் எண்ணத்துடன் நியூயார்க் வந்த ராபர்ட் ரைமன், 1953 முதல் 1960 வரை நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தார். நாள்தோறும் ஓவியங்களின் அருகே நின்றவர், தாமே வண்ணம் வாங்கித் தீட்டத் தொடங்கினார். பின்னர் வெண்ணிற ஓவியங்களால் உலகப் புகழ் பெற்றார்.

ஆயினும் ரைமன் ஓவியரானதால்தான் அவரது காவற்பணி பேசப்படுகிறது. இறுதிவரை காவலராகவே நின்று ஓய்வு பெற்றோரும் அதே ஓவியங்களையே காத்தனர். அவர்கள் பெயரை எந்தக் கலை வரலாறும் எழுதவில்லை. பிற்காலப் புகழைக் கொண்டு முற்காலப் பணியை அளப்பது முறையன்று.

இம்மன்றத்துக்கும் இது பொருந்தும். பத்தாண்டுகளாகப் பாய் விரித்தோர், ஒலிபெருக்கி அமைத்தோர், அழைப்பிதழ்களுக்கு அஞ்சல்தலை ஒட்டியோர், கூட்டம் முடிந்தபின் கூடத்தைப் பெருக்கிப் பூட்டியோர் பலர். அவருள் கவிதை எழுதியோர் உண்டு, எழுதாதோரும் உண்டு. இருசாரார் பெயரும் ஆண்டு மலரில், கவிஞர் பெயர்களுக்கு இணையான எழுத்தில் அச்சேறுதல் வேண்டும். அடுத்த கூட்டம் முதல் பாய் விரிக்கும் பணியை மூத்த கவிஞர்களும் முறைவைத்து ஏற்பின், அது இளையோர்க்கு மட்டும் உரிய வேலை என்னும் எண்ணம் மறையும்.