அழைப்பவரும் வருபவரும்: கல்லூரிச் சேர்க்கைக் கணக்கு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையை நம்பி வாழும் நம்மவர் இல்லங்களில் இந்நாளில் ஒரு புதுப் பேச்சு எழுந்திருக்கிறது. முன்பெல்லாம் பொறியியல், இல்லையேல் பி.காம். என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போதோ பிள்ளைகள் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்கிறார்கள். வரலாறு, கணிதம், மொழி, விஞ்ஞானம் ஆகியவற்றை ஒருசேரக் கற்று, பின்னர் ஒன்றில் ஆழ்ந்து செல்லும் கல்வி அது. பூனாவிலேயே 2011-இல் சிம்பயாசிஸ் நிறுவனத்தார் இதற்கெனத் தனிக் கல்லூரி தொடங்கினர். அமெரிக்காவின் சிறு கல்லூரிகளை நாடும் பிள்ளைகளும் உண்டு. நமக்கு இது முற்றிலும் புதிதுமன்று. 1881-இல் பசுமலையில் தோன்றிப் பின்னர் மதுரை நகருக்குப் பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரி இம்மரபில் வந்ததே.

இப்பேச்சின் நடுவே இரண்டு சொற்கள் நம் காதில் விழுகின்றன. “அக்கல்லூரி நூற்றுக்கு எட்டுப் பேரைத்தான் எடுக்குமாம், நம் பெண் விண்ணப்பித்து என்ன பயன்?” என்பது ஒன்று. “இக்கல்லூரி நூற்றுக்கு ஐம்பது பேரை எடுக்கிறதாம்; அப்படியானால் மட்டமானதுதானே?” என்பது மற்றொன்று. முதற் சொல்லால் தகுதியுள்ள பெண் வாயிலிலேயே நின்றுவிடுகிறாள். இரண்டாவதால் நல்ல கல்லூரி கைநழுவுகிறது. இரண்டும் ஒரே மயக்கத்தினின்று பிறந்தவை.

கணக்கைப் பார்ப்போம். மெட்ரிகுலேஷனோடு நின்ற நமக்கே விளங்கிற்று என்றால் அது பெரிய கணக்கன்று. விண்ணப்பித்தோருள் எத்தனை பேருக்கு இடம் அளிக்கப்பட்டது என்பது ஏற்பு விகிதம். இடம் பெற்றோருள் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்ந்தனர் என்பது வருகை விகிதம். திருமணம் நடத்தியோருக்கு இது தெரியும். ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைப்போம். ஆயிரம் இலை போடுவதில்லை.

ஒரு கல்லூரியில் 500 இடம் உள்ளது, 10,000 விண்ணப்பம் வருகிறது என்று கொள்வோம். அழைக்கப்பட்டோரில் பாதிப்பேர் வருவாராயின் 1,000 பேரை அழைத்தால் போதும். ஏற்பு விகிதம் நூற்றுக்கு 10. நால்வரில் ஒருவரே வருவாராயின் 2,000 பேரை அழைக்கவேண்டும். விகிதம் நூற்றுக்கு 20 ஆகிவிடும். ஆசிரியர் அவரே, நூலகமும் அதுவே. ஆயினும் முன்னது கிட்டாக் கனி, பின்னது எளிய கனி என்று ஊர் பேசும்.

இன்னும் கேளுங்கள். அமெரிக்காவில் ‘எர்லி டிசிஷன்’ என்றொரு வழி உண்டு. இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று மாணவர் முன்கூட்டியே கையொப்பமிட வேண்டும். மேற்சொன்ன இரண்டாம் கல்லூரி தன் 500 இடங்களில் 250-ஐ இவ்வழியில் நிரப்பிவிட்டால், எஞ்சிய 250-க்கு 1,000 பேரை அழைத்தால் போதும். மொத்த அழைப்பு 1,250. விகிதம் நூற்றுக்கு 20-லிருந்து 12½-க்கு இறங்கிவிடும். பாடம் நடத்துவதில் இம்மியும் மாற்றமில்லை! பணவுதவி தேவைப்படும் குடும்பத்துக்கு இவ்வழியில் ஓர் இடரும் உண்டு. பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. தில்லிப் பல்கலைக் கழகக் கல்லூரிகள் 2021 வரை கட்-ஆஃப் முறையில் மாணவரைச் சேர்த்தன. அறிவித்த மதிப்பெண்ணை எட்டிய அனைவருக்கும் இடம் தந்தாக வேண்டும். ஆகவே எத்தனை பேர் வருவர் என்று ஊகித்தே மதிப்பெண்ணை வைத்தனர். 2021-இல் சில கல்லூரிகள் நூற்றுக்கு நூறு என்று அறிவித்தும், இந்து கல்லூரி அரசியல் பாடத்தில் இடங்களைவிடப் பன்மடங்கு மாணவர் வந்து சேர்ந்தனர். 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்தது. எனினும் விலகுவோர் இருப்பர் என்று கருதி, இருக்கும் இடங்களுக்கு மேலாகவே முதற் சுற்றில் ஒதுக்கினர்.

நம் பிள்ளைகளும் பதினோராம் வகுப்புச் சேர்க்கையில் இதைக் கண்டவர்களே. பர்குசன் போன்ற கல்லூரியை முதல் விருப்பமாக எழுதி, அது கிடைத்தும் சேராவிடில் அடுத்த வழக்கமான சுற்றுகளில் கலந்துகொள்ள இயலாது என்பது விதி. வருகையை ஊகிப்பதற்கு மாறாக அரசு கட்டாயப்படுத்தியே உறுதி செய்துகொள்கிறது. படிவத்தில் முதற் கட்டத்தை நிரப்புமுன் வீட்டில் அமர்ந்து பேசுங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

நாங்கள் இரயில்வேயில் பணிபுரிபவர்கள். ஆதலின் காத்திருப்போர் பட்டியல் எங்களுக்குப் பழகிய பொருள். அமெரிக்கக் கல்லூரிகளும் அத்தகைய பட்டியல் வைக்கின்றன. நமது பட்டியலில் வரிசை எண் உண்டு. யார் விலகினால் யாருக்கு என்பது தெரியும். அங்கே பெரும்பாலும் வரிசை எண்ணே கிடையாது. மே 1-ஆம் தேதி வரை வந்த சம்மதங்களை எண்ணிப் பார்த்து, குறைவிருந்தால் தமக்கு வேண்டியவரை அழைப்பர். அதை நம்பி இங்குள்ள இடத்தை விட்டுவிடுதல் விவேகமாகாது.

நிற்க. அச்சிட்ட விகிதம் நம் பிள்ளைக்குரிய விகிதமும் அன்று. அயல்நாட்டு மாணவர் பணவுதவி கேட்டால், அமெரிக்கக் கல்லூரிகளுள் பெரும்பாலானவை அவரது செலவழிக்கும் சக்தியையும் கணக்கில் கொண்டே முடிவு செய்கின்றன. அவ்வாறு நோக்காமல் அயல்நாட்டாரையும் ஏற்பவை சிலவே. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 2008-லும், போடன் கல்லூரி 2022-லும் அக்கொள்கையை மேற்கொண்டன. விண்ணப்பிக்குமுன் ஒவ்வொரு கல்லூரியின் அவ்வாண்டுக் கொள்கையைப் பார்ப்பது அவசியம். கல்லூரிகளுக்குத் தரவரிசை போடும் ‘யு.எஸ். நியூஸ்’ ஏடே வருகை விகிதத்தை 2003-லும் ஏற்பு விகிதத்தை 2018-லும் தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. அவர்கள் கைவிட்டதை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

கேட்கவேண்டியவை வேறு. சேர்ந்தவருள் எத்தனை பேர் படிப்பை முடித்து வெளியேறுகின்றனர்? வகுப்பில் எத்தனை பேர்? உதவித்தொகை முதலாண்டுக்கு மட்டுமா, முடியும் வரையிலா? இவற்றிற்கு எழுத்தில் விடை வாங்குங்கள்.

கடைசியாகப் பணம் பற்றி. இடம் போய்விடுமோ என்ற அச்சத்தில், பல மாதச் சம்பளத்தைத் தனியார் கல்லூரியில் கட்டிவிட்டு, வேறிடம் கிடைத்தபின் திரும்பப் பெற அலையும் தந்தையர் பலர். பல்கலைக் கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்பவேண்டும். அதில் கல்லூரி கழித்துக்கொள்ளக்கூடியது நூற்றுக்கு 5, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல். கடைசித் தேதிக்குப்பின் 15 நாளுக்குள் விலகினால் நூற்றுக்கு 80, 30 நாளுக்குள் 50, அதன்பின் ஒன்றுமில்லை. பின்வந்த சில ஆண்டுகளில் குழு இத்தேதிகளை மேலும் தளர்த்தியதால், அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையைத் தேடிப் படிக்கவேண்டும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளலாகாது என்றும் அதே அறிவிப்பு கூறுகிறது. விலகல் கடிதத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வறிக்கையின் படி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வேண்டுவோர் வாங்கிப் பார்க்கலாம்.