பாலத்தில் நமக்கும் இடம் வேண்டும்

(திண்டுக்கல்லில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் பேசப் போவது வேறு ஒரு விஷயம். நாம் வேலைக்குப் போகிற வழியைப் பற்றி. இதுவும் ஒரு பெரிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். கூலியைக் கையில் வாங்க வேண்டுமானால் ஆள் முதலில் உயிரோடு மில் கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வாங்கிய கூலி அடுப்பங்கரைக்குப் போக வேண்டுமானால் அதே ஆள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதனால் இதுவும் கூலிப் பிரச்சினைதான்.

என் தகப்பனார் மில் தொழிலாளி. எங்கள் ஊருக்கும் மில்லுக்கும் நடுவே ஓர் ஆறு. ஆற்றின் மேல் ஒரு தரைப்பாலம். பத்து மாதம் அது பாலம். ஐப்பசி, கார்த்திகையில் அது ஆறு. தண்ணீர் பாலத்தின் மேல் ஓடும் நாளில் சுற்றிப் போக வேண்டுமானால் பல மைல். ஆகவே ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் பாலத்தின் மேல் நடந்து போவார்கள். கீழே வெள்ளம், காலுக்குக் கீழே ஸ்லீப்பர் கட்டை, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஒரு நாள் ராத்திரி பாதிப் பாலத்தில் வண்டி வந்துவிட்டது. லைன் வேலைக்காரர்கள் ஒதுங்கி நிற்பதற்காக வைத்திருந்த சின்ன மேடையில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. தவணையில் வாங்கிய சைக்கிள், தவணை முடியவில்லை. அதை ஆற்றில் போட்டுவிட்டு அவர் தப்பினார். பிறகு நடந்தே மில்லுக்குப் போனார். கேட் சாத்தியாகிவிட்டது. அன்றைய கூலியும் போயிற்று.

இதில் யாருடைய தவறு? என் தகப்பனாருடைய தவறு என்று அப்போது சொன்னார்கள். ரயில் பாலத்தில் நடப்பது சட்ட விரோதம் என்றார்கள். சட்டப்படி நடக்க அவருக்கு எந்தப் பாலம் இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

கணக்கில் நாம் அரை

ஒரு ரோட்டை அகலப்படுத்துவதா, ஒரு பாலம் கட்டுவதா என்று முடிவு செய்ய எஞ்சினீயர்கள் வண்டிகளை எண்ணுகிறார்கள். எல்லா வண்டியையும் ஒன்றாக எண்ண முடியாது அல்லவா? ஒரு காரை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைக் காராக மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள். கிராமப்புற ரோடுகளுக்காக 1990இல் வகுத்த அளவின்படி லாரியும் பஸ்ஸும் 3, கட்டை வண்டி 8, மோட்டார் சைக்கிள் அரை, சைக்கிளும் அரை.

இது மனிதனின் மதிப்பைச் சொல்லும் கணக்கல்ல, வண்டி ரோட்டில் அடைக்கும் இடத்தைச் சொல்லும் கணக்கு என்று எஞ்சினீயர் சொல்வார். அது உண்மை. ஆனால் விளைவு என்ன? ஐம்பது பேர் நிற்கும் பஸ் 3. ஒருவர் தனியாகப் போகும் கார் 1. சைக்கிளில் போகும் நூற்பாலைத் தொழிலாளி அரை. களையெடுக்க நடந்து போகும் தாய்மார்களோ, இந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாதவருக்குப் பாலத்தில் இடம் எப்படிக் கிடைக்கும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கில், “வேலைக்கு எப்படிப் போகிறாய், எவ்வளவு தூரம் போகிறாய்” என்று கேட்டார்கள். நூற்றில் சுமார் 23 பேர் நடந்து போகிறோம் என்றார்கள். சுமார் 13 பேர் சைக்கிளில் போகிறோம் என்றார்கள். ஆனால் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டார்கள்? விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் ஈடுபடாத மற்றவர்களிடம் மட்டும். விவசாயத் தொழிலாளியை, “நீ எப்படி வேலைக்குப் போகிறாய்” என்று நாட்டின் கணக்கு கேட்கவே இல்லை! விடியுமுன் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகும் பெண்கள், லோடு ஆட்டோவில் ஆட்டு மந்தை போல நின்றுகொண்டு நடவுக்குப் போகும் பெண்கள், இவர்கள் பயணம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

ஆனால் சாவுக் கணக்கில் மட்டும் நாம் தவறாமல் ஏறுகிறோம். 2022இல் இந்திய ரோடுகளில் 1,68,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர்.

1962லேயே எழுதிவைத்தது

சைக்கிளுக்குத் தனி வழி கேட்டால், “இது என்ன வெளிநாடா” என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். இந்திய ரோடு காங்கிரஸ் என்று ஒன்று 1934 முதல் இருக்கிறது. அது கட்சியல்ல, ரோடு எஞ்சினீயர்களின் சபை. நம் நாட்டு ரோடுகளுக்கும் பாலங்களுக்கும் அளவு வகுப்பது அதுதான். அந்தச் சபை சைக்கிள் பாதைக்கென்றே 1962இல் தனி விதி வெளியிட்டது.

அது என்ன சொன்னது? ஒரு ரோட்டில் மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் ஓடி, நெரிசலான நேரத்தில் மணிக்கு 400 சைக்கிள்கள் போனால் தனிப் பாதை போடலாம். மோட்டார் வண்டிகள் 200க்கு மேல் போனாலோ, வெறும் 100 சைக்கிள்கள் இருந்தாலே தனிப் பாதை நியாயம்தான். பாதையின் அகலம் குறைந்தது 2 மீட்டர். பாலம் வந்தால் சைக்கிள் பாதையைக் குறுக்காமல் முழு அகலத்தோடு பாலத்தின் மேலும் கொண்டுபோக வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பாதை போனால், சுவரின் உயரத்தை மாமூலைவிட 15 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். ஏன்? சைக்கிளில் உட்கார்ந்திருப்பவன் நடப்பவனைவிட உயரத்தில் இருக்கிறான்; லாரிக் காற்றில் தடுமாறினால் சுவரைத் தாண்டி ஆற்றில் விழுவான். இவ்வளவு நுணுக்கமாக யோசித்து எழுதியிருக்கிறார்கள், தோழர்களே! 2015இல் இந்த விதியைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள்.

எழுதி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் பக்கத்து ஆற்றுப் பாலங்களில் அந்த 2 மீட்டரைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்! விதி இல்லாமல் இல்லை. விதியை எடுத்து மேஜை மேல் வைத்துக் கேட்க ஆள் இல்லை.

நம் பழைய தோழர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் ஸ்தல ஸ்தாபனங்கள் சைக்கிளுக்கு வரி போட்டுத் தகர வில்லை கொடுத்தன. வில்லை இல்லாவிட்டால் அபராதம். விளக்கு இல்லாவிட்டால் அபராதம். டபுள்ஸ் போனால் அபராதம். வரி வாங்கும்போது சைக்கிள் ஒரு வாகனம். வழி கேட்கும்போது மட்டும் அது வாகனம் இல்லை!

வறண்ட ஆறு என்று நம்பாதீர்கள்

நம் குடகனாறு கீழ்ப்பழனி மலையில் பிறந்து ஆத்தூர், தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாகப் போய் அமராவதியில் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலும் மணலும் முள்ளும்தான். அதனால்தான், “இந்த ஆற்றுக்கு உயரப் பாலம் எதற்கு, தரைப்பாலம் போதும்” என்று சொல்லத் துணிகிறார்கள். 1977ஐ நாம் மறக்கலாமா? அந்த வருஷ வெள்ளத்தில் வேடசந்தூர்ப் பக்கத்துக் குடகனாறு அணை உடைந்தது. மின்சாரம் போய் மதகுகளை முழுக்கத் தூக்க முடியவில்லை. ஜெனரேட்டர் கொண்டுவந்தும் பலனில்லை. கையாலும் தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீர் கரை மேல் ஏறி அணையைப் பல இடத்தில் அறுத்துக்கொண்டு போயிற்று. வறண்ட ஆறு ஒரே ராத்திரியில் என்ன செய்யும் என்பதற்கு நம் ஜில்லாவே சாட்சி.

தரைப்பாலத்தில் ஆபத்து எப்படி வருகிறது? அடியில் இருக்கும் குழாய்க் கண்களில் வேலிக்கருவையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்கின்றன. கீழே போக வேண்டிய தண்ணீர் மேலே ஏறுகிறது. தளத்தில் பாசி பிடித்திருக்கிறது. தண்ணீர் கலங்கல், பாலத்தின் ஓரம் எங்கே என்று தெரியாது. முழங்கால் அளவுதானே என்று இறங்குகிறோம். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவே ஆளைச் சாய்க்கும். அந்த நேரத்தில் ஷிப்டுக்கு அரை மணிதான் பாக்கி. ஆற்றில் இறங்கச் சொல்லி அவனைத் தள்ளுவது எது? மில் கேட்டின் கடிகாரம்தான்.

மதுரையைப் பாருங்கள். வைகையின் குறுக்கே ஏ.வி. பாலம் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அதற்குத் துணையாகத் தரைப்பாலங்களை நம்பி எத்தனையோ வருஷம் ஜனங்கள் ஆற்றைக் கடந்தார்கள். அணையைத் திறந்துவிட்டால் தரைப்பாலத்தை அடைத்துவிடுவார்கள். ஊரே ஒரு பாலத்தில் போய் நெரியும். பிறகு ஓபுளா படித்துறையிலும் குருவிக்காரன் சாலையிலும் தரைப்பாலத்துக்குப் பதிலாக உயரப் பாலம் வந்தது. தரைப்பாலம் தலையெழுத்து அல்ல, மாற்றக்கூடியது என்பதற்கு இது அத்தாட்சி.

“எல்லாரும் வண்டி வாங்கிவிட்டார்களே!”

இப்படி ஒரு கேள்வி வரும். வரட்டும். மில் வாசலில் சைக்கிள் குறைந்து மோட்டார் சைக்கிள் கூடியிருப்பது உண்மைதான். அவற்றில் எத்தனை வட்டிக்கு வாங்கியவை? மாதத் தவணையும் பெட்ரோலும் போக என்ன மிஞ்சுகிறது? நான்கு வழிச்சாலையில் சைக்கிளில் போக வழியில்லாததால் வட்டிக்கு வண்டி எடுத்தவன், அந்த வட்டியை ரோடு போட்டவனுக்காகக் கட்டுகிறான் என்று நான் சொல்வேன். பெரிய ரோட்டின் நடுவே தடுப்புச் சுவர். கடக்க வேண்டுமானால் ஒரு மைல் போய்த் திரும்ப வேண்டும். எதிர்த் திசையில் வந்தான் என்று செத்தவன் மேல் பழி போடுகிறார்கள். பக்கத்து சர்வீஸ் ரோட்டிலோ லாரி நிற்கிறது.

நம் பிள்ளைகளையும் மறக்கக்கூடாது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. சர்க்கார் சைக்கிளைக் கொடுத்தது, நல்லது. அதை ஓட்ட ரோட்டில் ஓர் ஓரம் கொடுத்ததா? புதுக்கோட்டை ஜில்லாவில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஏழைப் பெண்கள் ஆயிரம் ஆயிரமாய் சைக்கிள் பழகினார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகம் அறிந்தது. கல்குவாரியில் வேலை செய்த பெண்கூட யாருக்கும் காத்திராமல் தானே போய் வந்தாள். சைக்கிள் என்றால் அந்தப் பெண்ணுக்குச் சுதந்திரம். அந்தச் சுதந்திரம் லாரிச் சக்கரத்துக்கு அடியில் போகக்கூடாது.

வேறு நாடுகளில் என்ன நடந்தது? சைக்கிளுக்குப் பேர் போன ஹாலந்து தேசத்தில் அந்தப் பாதைகள் வானத்திலிருந்து விழவில்லை. 1971இல் அங்கே 400க்கு மேற்பட்ட குழந்தைகள் ரோட்டில் இறந்தார்கள். “குழந்தைக் கொலையை நிறுத்து” என்று தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகுதான் சர்க்கார் திரும்பிப் பார்த்தது. கியூபாவில் 1990களில் எண்ணெய் தட்டுப்பட்டபோது லட்சக்கணக்கில் சைக்கிள்களை இறங்கச் செய்தார்கள். ஹவானாத் துறைமுகத்தின் அடியில் போகும் சுரங்கப் பாதையில் சைக்கிள் போக முடியாது. என்ன செய்தார்கள்? பஸ்களின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, சைக்கிளோடு ஆளை ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். வசதி குறைந்த நாடு, மனம் இருந்தது.

யாருடைய ரோடு?

மனு கொண்டுபோனால் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஊராட்சி ரோடு ஒன்றியத்துக்கு. பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு. தேசிய சாலை டில்லிக்கு. ஆறு நீர்வளத் துறைக்கு. நகரத் தெரு மாநகராட்சிக்கு. ஒரு மைல் போகும் தொழிலாளி நாலு இலாகாவைக் கடக்கிறான். நாலில் ஒன்றும் அவனுக்குப் பொறுப்பில்லை!

திண்டுக்கல் முனிசிபாலிடி 1866இல் ஏற்பட்டது. 2014இல் மாநகராட்சி ஆயிற்று. நகரத்துக்கும் கிராமத்துக்கும் சேர்த்துத் திட்டம் போட ஜில்லாத் திட்டக் குழு வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தமே சொல்கிறது. அதன் அங்கத்தினரில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் ஸ்தல ஸ்தாபனங்களின் மெம்பர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்கள். ஆறும் ரோடும் மில்லும் ஒரே மேஜைக்கு வர வேண்டிய இடம் அது. சென்னை மாநகராட்சி 2014இல், போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது நூற்றுக்கு 60 நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் என்று கொள்கையாகவே ஏற்றது. தலைநகரில் எழுதியதைத் திண்டுக்கல்லில் எழுத என்ன தடை?

நாம் செய்ய வேண்டியது

முதலில் நாமே எண்ணுவோம். ஒவ்வொரு பாலத்திலும் ஷிப்டு மாறும் ஒரு மணி நேரம் இரண்டு தோழர்கள் நோட்டோடு உட்காரட்டும். நடப்பவர் எத்தனை, சைக்கிள் எத்தனை, மோட்டார் எத்தனை என்று எழுதட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு எண்ணினால் நாம் ரோட்டில் இருக்க மாட்டோம். மில்லிலும் வயலிலும் இருப்போம்.

அடுத்து, அந்தக் கணக்கோடு கோரிக்கை வைப்போம். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு பாலத்திலும் 2 மீட்டர் சைக்கிள் பாதையும் நடைபாதையும் வேண்டும். தரைப்பாலம் மாறும்வரை ஐப்பசிக்கு முன்னால் கண்களைச் சுத்தம் செய்ய வேண்டும். ஓரத்தில் காப்புக் கற்கள், நீர்மட்டம் காட்டும் கல், விளக்கு, வெள்ளம் ஏறினால் தடுக்க ஆள் வேண்டும். யூனியன் தோழர்கள் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: பாலம் மூழ்கிய நாளில் தாமதமாக வந்தவனுக்குக் கேட்டைச் சாத்தாதே, கூலியை வெட்டாதே.

கடைசியாக, கிராம சபை. தமிழ்நாட்டில் வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூட்ட வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். அந்த ஆறில் ஒன்று மே மாதம் 1ஆம் தேதி. நம்முடைய நாள்! காலையில் கொடி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எண்ணிய நோட்டோடு சபைக்குப் போங்கள். தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மகஜர் கொடுப்போம், பதில் வராவிட்டால் அந்தப் பாலத்தின் முன்னாலேயே ஆயிரம் சைக்கிளோடு கூடுவோம். அப்போது நம்மை அரை என்று யாரும் எண்ண முடியாது.

என் தகப்பனார் ஆற்றில் போட்ட சைக்கிள் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் கிடைத்தார். எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை, தோழர்களே. வேலைக்குப் போனவர் வீடு திரும்புவது அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது. அது உரிமை. அந்த உரிமைக்காக ஒன்றுபடுவோம்!